கில்பெக் தூய மரியாள், தூய தாவீது ஆலயம்
ஹெரிஃபோர்ட்ஷையர், இங்கிலாந்து. சுமார் 1140

நார்மன் காலத்தில் செம்மணற்கல்லால் கட்டப்பட்ட ஊர்க்கோயில் இது. மக்கள் கூடும் நீள்கூடம், அதையடுத்துக் குருமார் பகுதி, கடைசியில் அரைவட்டத் திருப்பீட அறை என மூன்று பகுதிகள் நேர்வரிசையில் அமைந்துள்ளன. மேற்கே உள்ள மண்மேட்டில் அக்காலக் கோட்டையின் இடிபாடுகளைக் காணலாம்.

தெற்கு வாசலின் முன் சற்று நில்லுங்கள். மேல்வளைவின் நடுவே வாழ்வின் மரம். பக்கத் தூண்களில் ஒன்றில், கொடிகளுக்கிடையே காற்சட்டை அணிந்த இரு வீரர்கள். ஏறத்தாழ 900 ஆண்டுகள் கடந்தும் ஆடை மடிப்புகள் தெளிவாகத் தெரிவது வியப்புக்குரியது.

கூரையடியைச் சுற்றி 85 தாங்குகற்கள் எஞ்சியுள்ளன. அவற்றுள் அருகருகே அமர்ந்த நாயும் முயலும் பலருக்கும் பிடித்தவை.

ஆலயத்தில் இன்றும் வழிபாடு நடைபெறுகிறது. மணற்கல் எளிதில் தேயும், சிற்பங்களைத் தொடாதீர்கள்.