பிடித்துவிடுவது வேறு, நீவிவிடுவது வேறு

கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தப் பேரங்காடிக்குப் போனாலும் இப்போது நிணநீர் மசாஜ் என்ற விளம்பரம் கண்ணில் படுகிறது. உடம்பிலுள்ள நச்சு வெளியேறுமாம், இடுப்பு குறையுமாம், முகம் மெலியுமாம். வானொலியில் உடல்நல அங்கம் செய்யும் நாள்களில் நேயர்களும் இதைக் கேட்காமல் விடுவதில்லை. பத்து முறைக்கான பேக்கேஜ் எடுக்கலாமா, காசுக்கு ஏற்ற பலன் இருக்குமா என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. எனக்கோ அந்தப் பெயரைக் கேட்டாலே என் சித்தியின் வலது கைதான் நினைவுக்கு வருகிறது.

சித்திக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சையில் அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். பிறகு கதிரியக்கச் சிகிச்சை. எல்லாம் முடிந்து, தலைமுடி வளர்ந்து, பழையபடி கோயில், கல்யாணம் என்று கிளம்பிய பிறகுதான் கை தொல்லை கொடுத்தது. வலி ஏதுமில்லை. வலது கை வளையல் மட்டும் ஏறவில்லை. அடுத்து ரவிக்கையின் வலது கை இறுகியது. தையல்காரரிடம் கொடுத்து அந்த ஒரு கையை மட்டும் பிரித்துவிடச் சொன்னார். உடம்பு போட்டுவிட்டது என்று அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார். உடம்பு போட்டால் இரண்டு கையும்தானே பருக்க வேண்டும்?

இதற்குப் பெயர் நிணநீர் வீக்கம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இது வருகிறது. அக்குள் கணுக்களை மொத்தமாக எடுக்காமல், முதலில் வரும் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களுக்கு வாய்ப்பு வெகுவாகக் குறைவு. வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வரும். பல ஆண்டுகள் கழித்து வருவதும் உண்டு. நம் நாட்டில் மலாய், சீன, இந்தியப் பெண்கள் எல்லாரிடமும் முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய்தான். ஆகவே வளையல் ஏறாத கைகள் நம் குடும்பங்களில் நிறையவே இருக்கும்.

நிணநீர் என்பது ரத்தத்தின் ஓசைப்படாத உறவுக்காரர். நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீரும் கொஞ்சம் புரதமும் எந்நேரமும் திசுக்களுக்குள் கசிந்துகொண்டே இருக்கின்றன. அதைத் திரட்டி, வழியிலுள்ள கணுக்களில் வடிகட்டி, கழுத்தின் அடியில், காறை எலும்புக்குப் பின்னால் இருக்கும் பெரிய ரத்தக் குழாயில் மீண்டும் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் வரை இப்படித் திரும்பிப் போகிறது. ரத்தத்திற்கு இதயம் இருக்கிறது. நிணநீரைத் தள்ள அப்படி ஒன்று இல்லை. குழாய்கள் தாமே மெல்லச் சுருங்கி விரிவதும், நாம் நடப்பதும், மூச்சை இழுத்து விடுவதும்தான் அதை நகர்த்துகின்றன. வழியிலுள்ள கணுக்களை எடுத்துவிட்டால், அல்லது கதிரியக்கத்தில் அவை தழும்பேறிவிட்டால், நீர் தேங்குகிறது. நம் பெரியவர்களுக்குத் தெரிந்த யானைக்கால் நோயும் இதே வகைதான். கொசு கடித்து உடம்பில் ஏறும் ஃபைலேரியா புழு, நிணநீர்க் குழாய்களிலேயே குடியேறி அவற்றைக் கெடுத்துவிடுகிறது.

வீக்கம் என்றதும் நம்மவர்கள் முதலில் செய்வது என்ன? எண்ணெய் காய்ச்சி, நன்றாக அழுத்திப் பிடித்துவிடுவது. சித்தியையும் பக்கத்து வீட்டார் அப்படித்தான் ஒருவரிடம் அழைத்துப் போனார்கள். பிரசவித்த பெண்களுக்கு உடம்பு பிடித்துவிடுவதில் பெயர் பெற்றவர், கைராசிக்காரர். சூடான எண்ணெய், பலமான உருவல். இரண்டாம் முறை போய் வந்த இரவே கை சிவந்து, கொதித்து, குளிர் ஜுரம் வந்துவிட்டது. அவசரப் பிரிவில் செல்லுலைட்டிஸ், அதாவது தோலுக்கு அடியில் பரவும் கிருமித் தொற்று என்றார்கள். அந்தக் கைகாரம்மாவின் வேலைதான் தொற்றுக்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நிணநீர் தேங்கிய கையில் ஒரு சின்னக் கீறலே போதும், கிருமி பரவிவிடும். ஆனால் அந்தக் கைக்கு வேண்டியது சூடும் அழுத்தமும் இல்லை என்பது அன்றுதான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. நான்கு நாள் மருத்துவமனையில் இருந்து, தொற்று முழுவதும் ஆறிய பிறகு பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பினார்கள்.

அங்கே சிகிச்சை கொடுத்தவர் ஒரு மலாய்க்காரப் பெண். சித்தி அவரை ‘காக்’ என்று கூப்பிட்டுப் பழகிக்கொண்டார். எண்ணெய் இல்லை, வாசனைத் திரவம் இல்லை. அவர் வீங்கிய கையைத் தொடவும் இல்லை. காறை எலும்புக்கு மேலே, கழுத்தோரத்தில் விரல்களை வைத்து, தோலை மட்டும் மெல்ல இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அடுத்து இடது அக்குள். பிறகு மார்பின் குறுக்கே, முதுகின் குறுக்கே. தூங்கும் குழந்தையின் தலையைத் தடவுகிற அளவுதான் அழுத்தம். சித்தி என்னைப் பார்த்துத் தமிழில், “இதுக்கா பார்க்கிங்குக்கு பத்து வெள்ளி கொடுத்து வந்தோம்?” என்றார்.

நான் கேட்டேன், காக் விளக்கினார். தீபாவளிக்கு முதல் நாள் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வாகனங்கள் நின்றுவிட்டால் கடைசிக் காரைப் பின்னாலிருந்து தள்ளி என்ன பயன்? முன்னால் டோல் சாவடியைத் திறக்க வேண்டும், அல்லது பக்கத்துச் சாலைக்குத் திருப்பிவிட வேண்டும். அதனால்தான் கழுத்தில் தொடங்கி, நன்றாக இருக்கும் இடது அக்குளுக்கு வழி செய்துவிட்டு, கடைசியில்தான் வீங்கிய கைக்கு வருகிறார்கள். கையிலும் முதலில் தோள்பட்டை, பிறகு முழங்கை, கடைசியாக விரல்கள். அழுத்தக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. ஆரம்ப நிணநீர்க் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கின்றன. சுற்றியுள்ள திசுவோடு அவற்றை மெல்லிய இழைகள் பிணைத்திருக்கின்றன. தோல் இலேசாக நகரும்போது அந்த இழைகள் குழாயின் வாயைத் திறந்துவிடுகின்றன. பலமாக அமுக்கினால் ரத்த ஓட்டம் கூடி, கசியும் நீரும் கூடுகிறது. பிடித்துவிடுதல், உருவுதல், சுளுக்கெடுத்தல், நீவுதல் என்று தமிழில் நமக்கு இத்தனை சொற்கள் இருக்கின்றன. இதற்குப் பொருந்துவது நீவுதல் மட்டும்தான்.

டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் தம்பதியர் இந்த முறையை 1930களில் பிரான்சின் கான் நகரில் உருவாக்கினார்கள். ஓயாத சளியோடும் சைனஸ் தொல்லையோடும் அங்கு வந்தவர்களின் கழுத்துக் கணுக்கள் வீங்கியிருப்பதை எமில் கவனித்தார். அந்தக் கணுக்களைத் தொடவே மருத்துவர்கள் தயங்கிய காலம் அது. அவர் மெல்ல வட்டமாக நீவிப் பார்த்தார். 1936-இல் பாரிஸில் நடந்த ஓர் உடல்நல, அழகுக் கண்காட்சியில்தான் இதை அறிமுகப்படுத்தினார்கள். ஆக, அழகு நிலையங்களின் சொந்தம் நேற்று வந்ததல்ல! பிற்காலத்தில் ஜெர்மனியில் மருத்துவர்களான ஃபோல்டி தம்பதியர் இதோடு கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு மூன்றையும் சேர்த்து முழுச் சிகிச்சையாக வளர்த்தார்கள்.

அந்த மூன்றும் இல்லாவிட்டால் வெறும் நீவலால் பெரிய பலன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2015-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இது பாதுகாப்பானது, கட்டோடு சேரும்போது வீக்கத்தைக் கூடுதலாகக் கொஞ்சம் குறைக்கக்கூடும் என்றது. இலேசான, நடுத்தர வீக்கம் உள்ளவர்களுக்கே அந்தப் பலன் அதிகம். பெரும் பங்கு கட்டுக்குத்தான். சித்திக்கு அந்தக் கட்டுதான் பிடிக்கவில்லை. நம் ஊர் வெயிலில் விரலிலிருந்து தோள் வரை அடுக்கடுக்காகத் துணி சுற்றிக்கொண்டு சமைத்துப் பாருங்கள், தெரியும். ஆனால் இரண்டு மூன்று வாரங்களில் அளவு நாடா சொன்ன கணக்கைப் பார்த்த பிறகு முணுமுணுப்பு நின்றது.

அந்தக் கையால் கனம் தூக்கவே கூடாது என்று முன்பெல்லாம் பயமுறுத்துவார்கள். 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மேற்பார்வையோடு படிப்படியாக எடை தூக்கினால் வீக்கம் கூடுவதில்லை என்று காட்டியது. சித்தி இப்போது அரிசிப் பையை யாரிடமும் கேட்காமல் தூக்குகிறார்.

இனி அந்தப் பேக்கேஜ் கேள்விக்கு வருவோம். ஆரோக்கியமானவர் ஒரு மணி நேரம் படுத்து இளைப்பாற விரும்பினால் தாராளமாகப் போகலாம். முகத்தின் உப்பல் கொஞ்சம் தணிந்தது போலவும் இருக்கும். ஆனால் கொழுப்பு நிணநீரோடு கரைந்து ஓடிவிடாது. கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். அவற்றுக்கு யாரும் பேக்கேஜ் விற்பதில்லை. எடை குறையும் என்ற நம்பிக்கையில் பணம் கட்டுவது வீண் என்பதே என் கருத்து.

வீண் செலவை விட ஆபத்தான இடங்களும் உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். அதன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. கர்ப்பிணிக்கு முகமும் கையும் திடீரென வீங்கித் தலைவலியும் வந்தால் மசாஜ் நிலையத்திற்கு அல்ல, கிளினிக்கிற்கு ஓடுங்கள். தோல் சிவந்து காய்ச்சல் இருக்கும்போதும், இதயமோ சிறுநீரகமோ பழுதாகி அதனால் உடம்பில் நீர் கட்டியிருக்கும்போதும் இதைச் செய்யக் கூடாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் முதலில் தம் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அக்குள் கணு எடுத்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், மாதம் ஒரு முறை இரண்டு கைகளையும் ஒரே இடத்தில் நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். வளையல், மோதிரம், ரவிக்கை இவற்றில் ஒன்று ஒரு பக்கம் மட்டும் இறுகினாலும், அடுத்த தேதி வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லி பிசியோதெரபி பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். தனியாரிடம் போவதென்றால், நிணநீர் வீக்கச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவரா, கட்டுப் போடத் தெரியுமா என்று கேளுங்கள். கட்டைப் பற்றிப் பேச்சே எடுக்காதவரிடம் வீங்கிய கையை நீட்ட வேண்டாம். வீட்டில் நாமே செய்துகொள்ளும் முறையையும் அவர்களே சொல்லித் தருவார்கள். வீக்கம் குறைந்த பிறகு பகலில் அணியும் இறுக்கமான ஸ்லீவை அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். கையால் துவைத்து நிழலில் காயப் போட்டால் ஆறு மாதம் வரும். அதற்குள் தளர்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான்.