முந்நூற்று நான்கில் தனியாட்டம்

யாழ்ப்பாணத்தில் விடுமுறை நாளொன்றில் விறாந்தையிற் கூடும் நால்வருக்கு ‘முந்நூற்று நான்கு’ என்னும் கடதாசி விளையாட்டைக் கற்பிக்க வேண்டியதில்லை. எனினும், அதன் கேள்விகளுள் உச்சியில் நிற்கும் ஒன்று ஆட்டத்தின் இயல்பையே தலைகீழாக்குவதாதலின், அதனை ஆராய்தல் தகும்.

எதிரெதிரே அமரும் இருவர் ஒரு கட்சியினர். கடதாசிகள் 32, ஆளுக்கு எட்டு. ஒவ்வோரினத்திலும் வீறு 30, மணல் எனப்படும் ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, இராசா 3, இராணி 2; எட்டும் ஏழும் பெறுமதியற்றவை. இனமொன்றுக்கு 76 ஆக, நான்கினத்துக்கும் 304. ஆடுதன், உருவித்தன், கலாவரை, இஸ்கோப்பன் என்னும் இனப்பெயர்கள் ஒல்லாந்தர் விட்டுச்சென்றவை. வீறும் அவர்களது ‘பூர்’ (உழவன்) என்பதன் திரிபெனக் கருத இடமுண்டு. இதனையொத்த ஐரோப்பிய ஆட்டங்களில் துரும்பின் ஒன்பதுக்கு ‘மெனல்’ என்ற பெயர் வழங்குதலும் நோக்கத்தக்கது. உழவன் தமிழில் வீறு பெற்றது நன்றே!

பொதுவாட்டத்திற் கேள்வி 160இல் தொடங்கும். கேட்பவன் தன் கையை மட்டும் நம்பிக் கேட்பதில்லை. காணாத துணைவன் கையையும் ஓரளவு நம்பியே கேட்கின்றான். ‘பாட்னர் குளோஸ் கப்ஸ்’ எனும் கேள்வியிலோ துணைவன் தன் எட்டுக் கடதாசிகளையும் கவிழ்த்து வைத்து விலகிவிடுவான். கேட்டவன் எட்டுப் பிடிகளையும் தனியே பிடித்தல் வேண்டும். ஒன்று தவறினும் தோல்வி. பிரிட்ஜ் ஆட்டத்திலும் துணைவன் ஒருவன் ஓய்கின்றான். ஆயினும் அவன் கடதாசிகள் மேசைமீது திறந்து கிடந்து தலைவனுக்கு உதவும். இங்கு அவ்வுதவியில்லை.

துரும்பில் வீறு, மணல், ஆசு, பத்து, இராசா ஆகிய ஐந்தும், பிறிதோரினத்தில் வீறும் மணலும், இன்னோரினத்தில் வீறும் ஒருவன் கையிலிருப்பின் வெற்றி உறுதி. அத்தகைய கை அரிதினும் அரிது. துரும்பல்லாத அம்மணலுக்குப் பதிலாக ஆசு வந்திருப்பின் யாது செய்வது? அவன் காணாத கடதாசிகள் 24. அவற்றுள் 16 எதிரிகளிடமும் 8 துணைவனிடமும் உள்ளன. ஆகவே அம்மணல் எதிரியிடம் இருத்தற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புண்டு. அது தனித்திருப்பின் வீற்றின்கீழ் விழுந்துவிடும்; காவலோடிருப்பின் ஆசைக் கொல்லும். துணைவனிடம் இருப்பின், பிடி பிடித்து உதவ இயலாவிடினும், ஆட்டத்தினின்று நீங்கியதாலேயே அது நன்மை செய்கின்றது. பொதுவாட்டத்திற் கடதாசி வந்து உதவும். தனியாட்டத்தில் அது வாராமையே உதவி.

இதில் இரக்கத்துக்குரியவன் துணைவனே. அம்மணல் தன் கையில் உளதோ இலதோ என்பதை அவன் ஒருவனே அறிவான். ஆயினும் முகக்குறியாலேனும் அதனை உணர்த்துதல் முறையன்று. தோல்வி நேரின் கட்சிக்கு வருவதாகையால் அவனையும் சாரும்; தடுக்கவோ அவனுக்கு வழியில்லை. ஆட்டம் முடிந்ததும் நால்வர் கைகளும் முதலில் நீளுவது, அவன் கவிழ்த்து வைத்த அந்த எட்டுக் கடதாசிகளைத் திருப்பிப் பார்ப்பதற்கே.