பனியின் திசையும் கடலின் வேகமும்

வட துருவக் கடலில் கோடை முடியும் செப்டம்பரில் எஞ்சும் பனியின் பரப்பு 1980களில் ஏறக்குறைய 70 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012இல் அது 34 லட்சமாகச் சுருங்கியது. அதன்பின் கரியமில வாயு ஆண்டுதோறும் கூடியும், பத்தாண்டுக்கு மேலாக அதைவிடக் குறைந்த பரப்பு பதிவாகவில்லை. வெப்பமாதல் நின்றுவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. பனி எந்தத் திசையில் போகிறது என்பதை வாயு தீர்மானிக்கிறது. எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதில் கடலின் நீண்டகால ஏற்ற இறக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

நார்வேக்காரரான நான்சென் 1893–96இல் ஃப்ராம் கப்பலில் பனியோடு மிதந்து சென்றபோது ஆழ்நீரின் வெப்பத்தை அளந்தார். உறைநிலையை ஒட்டிய மேல் நீருக்குச் சில நூறு மீட்டர் கீழே, பூஜ்ஜியத்துக்கு மேற்பட்ட வெப்பத்தில் அட்லாண்டிக் நீர் இருந்தது! உப்பு மிகுந்த அந்த நீர் கனத்துக் கீழே தங்குகிறது. ஆற்று நீர் கலந்து உப்புக் குறைந்த மேலடுக்கு அதற்கு மூடியாக இருந்து பனியைக் காக்கிறது. நார்வேக்கு வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலில் இந்த மூடி மெலிது. அட்லாண்டிக் நீர் சூடாகவும் மிகுதியாகவும் வரும் ஆண்டுகளில் அங்கே குளிர்காலத்திலேயே பனி சரியாக உறைவதில்லை. வட அட்லாண்டிக்கின் மேற்பரப்போ பல பத்தாண்டுகள் சூடாகவும், பிறகு பல பத்தாண்டுகள் குளிர்ந்தும் இருந்து வந்திருக்கிறது. 1920, 30களில் ஸ்வால்பார்ட் தீவுகள் வெகுவாகச் சூடாயின. 1960களின் பிற்பகுதியில் ஐஸ்லாந்தின் வடகரையைப் பனி வந்து அடைத்தது. செயற்கைக்கோள்களின் தொடர் பதிவு 1979 வாக்கில், குளிர்ந்த கட்டத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே அதற்குப் பிந்தைய சரிவு முழுவதையும் வாயுவின் கணக்கில் எழுத முடியாது. காற்றோட்டத்தின் இயற்கை மாறுபாட்டின் பங்கு 30 முதல் 50 சதவீதம் இருக்கலாம் என 2017இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

அப்படியானால் 1930களைப் போல இதுவும் இயற்கைதானே என்று கேட்கலாம். அன்றைய வெப்பம் அட்லாண்டிக் பக்கமே மிகுந்திருந்தது. இன்று அலாஸ்கா, சைபீரியா பக்கங்களிலும், எல்லா மாதங்களிலும் பனி குறைகிறது. வெறும் ஏற்ற இறக்கமாக இருந்தால் போன பனி திரும்பியிருக்க வேண்டும்; 2012க்குப் பின் ஒரு செப்டம்பர்கூட 1980களின் அளவை எட்டவில்லை. சுழற்சி என்ற எண்ணத்துக்கே எழுந்த இதைவிடக் கனமான மறுப்பு காலநிலை விஞ்ஞானி மைக்கேல் மன்னுடையது. அட்லாண்டிக் ஏற்ற இறக்கத்துக்குப் பெயர் சூட்டிய அவரே, முந்தைய நூற்றாண்டுகளில் சுழற்சியாகத் தெரிந்தது எரிமலை வெடிப்புகளின் விளைவு என்று 2021இல் வாதிட்டார். அது சரியாக இருந்தாலும் சூடான நீர் பேரன்ட்ஸ் கடலுக்குள் வந்து பனியைத் தடுக்கும் வழி மாறாது. ஆனால் அடுத்த குளிர்ந்த கட்டம் தன் முறைக்கு வந்துவிடும் என்று நம்பியிருக்க இடமில்லை.

2012க்குப் பிந்தைய தேக்கத்தை நம்பக் கூடாது என்பதற்குத் தென் துருவமே சாட்சி. அங்கே குளிர்காலக் கடற்பனி 2014இல் 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. பசிபிக் குளிர்ந்திருந்த கட்டம் அதற்கு உதவியது என்பது ஒரு விளக்கம். வெப்பமாதலே பொய் என்பதற்கு அந்தப் பெருக்கத்தைப் பலர் ஆதாரமாகக் காட்டினார்கள். 2016இல் பனி சட்டெனச் சரிந்தது. 2023 குளிர்காலத்தின் உச்சம் சுமார் 1 கோடியே 70 லட்சம்தான்.