லீவை எங்கே வைத்தாய்?



போன வருஷம் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓர் ஆங்கிலப் பேச்சுப் போட்டி. நம்ம மேல்பட்டாம்பாக்கத்தில் பஸ் ஏறி, பண்ருட்டியில் மாறி, ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தேன். மனப்பாடம் செய்த பேச்சு தடங்கல் இல்லாமல் முடிந்தது. பிறகு நடுவர் கேள்வி கேட்டார். அப்பா என்ன வேலை? கரும்பு வெட்டுகிறார் என்பதற்கு "கட்ஸ் கேன்" என்றேன். தலையாட்டினார். எப்படித் தயார் செய்தாய்? இரண்டு நாள் லீவு போட்டுப் படித்தேன் என்று சொல்ல நினைத்து, "ஐ புட் டூ டேஸ் லீவ்" என்றேன். அவர் சிரிக்காமல் கேட்டார், "வேர் டிட் யூ புட் இட்?" லீவை எங்கே வைத்தாய்?

ஹாலே சிரித்தது. அதற்கப்புறம் ஒரு மாசம் ஆங்கில வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை.

வாயைத் திறக்க வைத்தது ஆங்கில வகுப்பு இல்லை, தமிழ் வகுப்பு! மரபுச் சொற்கள் பாடம். ஒரு பையன் எழுந்து "கூடை செய்தான்" என்றான். தமிழம்மா விடவில்லை. "கூடை முடைந்தான்டா. சுவர் எழுப்பணும், ஆடை நெய்யணும், செய்யுள் இயற்றணும், அம்பு எய்யணும். எல்லாத்தையும் 'செய்'யக் கூடாது" என்றார். எனக்குச் சட்டென்று லீவு ஞாபகம் வந்தது. இதே கதைதானே அங்கேயும்! ஆங்கிலத்துக்கும் ஒரு வினை மரபு இருக்கிறது. லீவுக்கு அங்கே ஜோடி 'டேக்'. 'புட்' இல்லை.

நம்ம 'போடு' எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். லைட் போடு, டீ போடு, மார்க் போடு, ஊசி போடு, லீவு போடு. இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது லைட்டுக்கு 'ஸ்விட்ச் ஆன்', டீக்கு 'மேக்', மார்க்குக்கும் ஊசிக்கும் 'கிவ்', லீவுக்கு 'டேக்' என்று ஆளுக்கொரு வினை வருகிறது. சட்டை போடுவதற்கு மட்டும் 'புட் ஆன்' என்று நம்ம பக்கம் வருவார்கள்.

அப்படியானால் ஆங்கிலம்தான் கஷ்டமா? இல்லை, திருப்பிப் பாருங்கள். நாம் புடவை கட்டுகிறோம், பூ வைக்கிறோம், செருப்பு மாட்டுகிறோம், கண்ணாடி போடுகிறோம். அவர்களுக்கு எல்லாமே ஒரே 'வேர்'. நாம் மேளம் கொட்டுகிறோம், குழல் ஊதுகிறோம், வீணை மீட்டுகிறோம். அவர்களுக்கு மூன்றும் 'ப்ளே'. கிரிக்கெட்டுக்கும் அதே 'ப்ளே'தான்! தமிழ் கற்கும் வெள்ளைக்காரர் 'மேளம் விளையாடினேன்' என்று சொன்னால் நாமும் சிரிப்போம்தானே?

தமிழம்மா இன்னொன்றும் சொன்னார். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கம் என்ற முதல் இயலிலேயே இதற்கு விதி இருக்கிறதாம். அடிசில், அணி, இயம், படை என்ற நான்கும் பொதுச்சொற்கள். இயம் என்றால் இசைக்கருவி. அதில் கொட்டுவதும் உண்டு, ஊதுவதும் உண்டு. ஆகவே மொத்தமாகச் சொல்லும்போது 'இயம் கொட்டினார்' என்று ஒன்றுக்கு மட்டும் உரிய வினையைப் போடக் கூடாது; 'இயம்பினார்' என்று பொதுவினை வர வேண்டும். எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்று நம்மவர்கள் அப்போதே யோசித்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இந்தச் சேர்க்கைக்கு 'கொலொகேஷன்' என்று பெயர். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹெரால்ட் பாமர் இத்தகைய சேர்க்கைகளைத் திரட்டி 1933-ல் டோக்கியோவில் ஓர் அறிக்கையாக வெளியிட்டார். 1950-களில் இதை மொழியியலில் ஒரு கொள்கையாக வளர்த்தவர் ஜே.ஆர். ஃபிர்த். ஒரு சொல்லின் பொருளில் ஒரு பங்கு அதன் கூட்டாளிச் சொற்களில் இருக்கிறது என்பது அவர் கருத்து. இவர் 1919 முதல் 1928 வரை லாகூரில் பேராசிரியராக இருந்தவர். தமிழ் உச்சரிப்பு பற்றியும் 1934-ல் ஒரு சிறு விளக்கம் எழுதியிருக்கிறார்!

சரி, எப்படிப் படிப்பது? நான் செய்வது இதுதான். ஆங்கில நோட்டில் 'மிஸ்டேக் - தவறு' என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். 'மேக் எ மிஸ்டேக்' என்று ஜோடியாகவே எழுதுகிறேன். ஹோம்வொர்க்குக்கு 'டூ', சத்தத்துக்கு 'மேக்', போட்டோவுக்கு 'டேக்'. பொய்க்கு 'டெல்', 'சே எ லை' என்று எழுதினால் சிவப்பு மைதான். உண்டாக்குவது என்றால் 'மேக்', வேலை என்றால் 'டூ' என்று ஒரு விதி சொல்வார்கள். பாதி தூரம் வரும். ஆனால் 'மேக் த பெட்' என்றால் கட்டில் செய்யும் ஆசாரி வேலை இல்லை, படுக்கையை ஒழுங்குபடுத்துவது. விதியை நம்பினால் அங்கே மாட்டிக்கொள்வோம்.

சில ஜோடிகள் தாமாகவே மனசில் ஒட்டும். கவனம் செலுத்து, 'பே அட்டென்ஷன்'. கட்டணமும் செலுத்துகிறோம், அதற்கும் 'பே'தான். சளி விஷயம் இன்னும் வேடிக்கை. நமக்குச் சளி பிடிக்கும். ஆங்கிலேயரோ தாமே போய்ச் சளியைப் பிடிப்பார், 'கேட்ச் எ கோல்ட்'!

பரீட்சைதான் வம்பு. நாம் பரீட்சை எழுதுவதால் 'ரைட் த எக்ஸாம்' என்கிறோம். இந்திக்காரர்கள் மொழியில் பரீட்சையைக் 'கொடுப்பார்கள்', அதனால் அவர்கள் 'கிவ்'. இங்கிலாந்தில் 'டேக்' அல்லது 'சிட்'. நம்ம ஊர்ப் பேப்பரிலேயே 'ரைட்' வருகிறது, அதற்காக வெட்கப்பட வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் வெளியூர்க்காரருக்கு எழுதும்போது 'டேக்' போடுங்கள்.

என் நோட்டில் இப்போது 140 ஜோடி இருக்கிறது. முதலில் எழுதியது 'கட் கேன்'. அன்றைக்கு நான் சரியாகச் சொன்னது அது ஒன்றுதானே!

உங்களுக்கு மூன்று கேள்வி: கோலம் போடு, கணக்குப் போடு, சண்டை போடு. இவற்றை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்? இந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டுப் போங்கள். ஒன்றிலும் 'புட்' வராது. விடை திங்கட்கிழமை.