வாசலுக்கு ஒரு சின்ன மரம்

வீட்டு வாசலில் நாலு பேர் பார்த்து ரசிக்கும்படி பூ மரம் ஒன்று வேண்டும் என்ற ஆசை எந்தப் பெண்ணுக்குத்தான் இல்லை? ஆனால் நர்சரிக்குப் போனதும் பூவின் நிறத்தில் மயங்கி, கைக்கு அகப்பட்டதை வாங்கி வந்துவிடுகிறோம். வாசல் மரம் நம்மோடு இருபது, முப்பது வருஷம் வாழப் போவது. மாப்பிள்ளை பார்ப்பது போல விசாரித்துத்தான் கொண்டுவர வேண்டும்!

தோட்டத்துக்கு என்று யோசித்துச் செயல்படுவது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்த விவரம் அவற்றில் உள்ளது. ஏரி வாரியத்துக்கு 6 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர்! தோட்டத்துக்கு அன்று கொடுத்த மதிப்பைப் பார்த்தீர்களா?

அரளியா, வேறா?

எங்கள் தாமல் வீட்டில் வாசற்படிக்கும் தெருக் கதவுக்கும் நடுவே பன்னிரண்டு அடி இடம்தான். அதில் என்ன வைப்பது என்று பேச்சு வந்தபோது, அத்தை சட்டென்று சொன்னார்கள்: "அரளி வைம்மா. தண்ணி ஊத்தலைன்னாலும் சாகாது, ஆடு வாய் வைக்காது. வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பூவுக்கு அலைய வேண்டாம்."

அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் ஆடு ஏன் வாய் வைப்பதில்லை? அந்தச் செடி விஷம். இலை, பூ, பட்டை, வேர் எல்லாவற்றிலும் இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும் நஞ்சு இருக்கிறது. கொதிக்க வைத்தாலும், காய வைத்தாலும் அது போவதில்லை. மஞ்சள் பூ பூக்கும் பொன்னரளியின் கொட்டை இன்னும் மோசம். எங்கள் வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளை தவழ்ந்து எழுந்து, கண்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டிருந்த சமயம் அது.

கேரளத்தில் 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டும் மலபார் தேவசம் போர்டும், நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ சேர்ப்பதை நிறுத்தின. அரளியை மென்றதால் ஓர் இளம்பெண் இறந்தாள் என்று வந்த செய்திதான் காரணம். இதை அத்தையிடம் பக்குவமாகச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாமிக்குக் கடையில பூ வாங்கிக்கலாம். புள்ளைக்கு எங்க போய் வாங்கறது?" என்றார்கள். அத்தோடு அரளிப் பேச்சு முடிந்தது.

ஏற்கெனவே அரளி இருக்கும் வீடுகளில் குழந்தை எட்டாதபடி அடைப்புப் போடுங்கள். வெட்டினால் அந்த விறகை அடுப்பில் வைக்காதீர்கள், புகையும் ஆகாது. வேலியில் இருக்கும் காட்டாமணக்கு, ஆமணக்கு விதைகள், குன்றிமணி, ஊமத்தை, செங்காந்தள் கிழங்கு இவற்றிலும் கண் வையுங்கள். குழந்தை எதையாவது மென்றுவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று நேரத்தை வீணாக்க வேண்டாம். வாயில் மிச்சமிருப்பதை எடுத்துவிட்டு, 108-க்குச் சொல்லி, அந்தச் செடியின் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எதை வைக்கலாம்?

செம்பருத்தி: வருஷம் முழுக்கப் பூக்கும். வெட்டி வெட்டி வளர்க்கலாம். மாவுப்பூச்சிதான் தொல்லை, பார்த்ததும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, மிச்சத்துக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

மாதுளை: பூவும் அழகு, பழமும் உண்டு. வேரில் தண்ணீர் தேங்கினால் தாங்காது. பிஞ்சுகளைத் துணிப்பையால் மூடினால் காய்ப்புழு அண்டாது.

மருதாணி: வறட்சியைத் தாங்கும், வேலியாகவும் ஆகும். மெல்லிய முள் உண்டு. கைக்குழந்தைகளுக்கு மட்டும் அரைத்துப் பூச வேண்டாம். சில குழந்தைகளுக்கு ரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரலாம்.

முருங்கை: கீரைக்கு ஈடு இணை இல்லை. ஆனால் கிளை சுலபமாக முறியும். மழைக்காலத்தில் கம்பளிப் பூச்சி வரும். அது கொல்லைக்குத்தான் சரி.

பவழமல்லி: நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்தது இதைத்தான். சாயங்காலம் மலர்ந்து, விடியலில் தானாக உதிரும். கோலம் போட வரும்போது வாசலே பூக்கோலமாகக் கிடக்கும்! காம்பின் ஆரஞ்சு நிறத்தை முன்காலத்தில் பட்டுக்குச் சாயம் ஏற்றப் பயன்படுத்தினார்கள். பட்டு ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு அது ஒரு தனிப் பெருமை. அத்தைக்கும் பூஜைக்குப் பூ கிடைத்தது. கீழே விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கலாம் என்ற சலுகை பவழமல்லிக்கு உண்டல்லவா?

நடும் முறை

1. வீட்டுச் சுவரிலிருந்து ஆறடி, கழிவுநீர்த் தொட்டியிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும். தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்ததை மறந்துவிட முடியுமா? வாசலுக்குச் சின்ன மரமே நல்லது.

2. இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் குழி. மேல்மண்ணைத் தனியே வைத்து, மக்கிய சாணமும் இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். ஏரி வண்டல் அனுமதியோடு கிடைத்தால் கொஞ்சம் சேர்க்கலாம்.

3. ஆடி, ஆவணியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள்.

4. காய்ந்த இலையைச் சுற்றிலும் மூடாக்குப் போடுங்கள். தண்டை மட்டும் நாலு விரற்கடை விட்டுவிடுங்கள். முதல் கோடை வரை தண்ணீர் தவற வேண்டாம்.

5. பவழமல்லியைத் தன் போக்கில் விட்டால் புதராகிவிடும். ஒரு தண்டை மட்டும் வைத்து, நாலடி வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுங்கள். பூ ஓய்ந்த பிறகு, தை மாசியில் கவாத்து செய்யலாம்.

ஒரு வார்த்தை: பவழமல்லி இலைக் கஷாயம் மூட்டுவலிக்கு நல்லது என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். கிளையைத் தாராளமாகக் கொடுங்கள். வைத்தியரைக் கேட்காமல் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்புங்கள்.