கூடப்பிறந்த குணம்

ஆங்கிலத்தில் 'இன்னேட்' என்ற சொல்லை நம்மில் பலர் கேட்டிருப்போம். பிறவியிலேயே அமைந்தது என்று பொருள். அதே பொருளில் 'கானேட்' என்ற அரிய சொல் ஒன்றும் உண்டு. அதன் பெயர்ச்சொல் 'கானேட்னெஸ்'. பேச்சில் இதைக் கேட்பது அபூர்வம்.

லத்தீனில் 'கொன்' என்றால் உடன். 'நாத்துஸ்' என்றால் பிறந்த. ஆக, 'உடன்பிறந்த' என்பதே நேர்ப்பொருள். "அது அவனுக்குக் கூடப்பிறந்த குணம்" என்கிறோமே, அதுதான் கானேட்!

தாவர நூலார் இச்சொல்லைச் சற்று வேறாக ஆள்கிறார்கள். ஊமத்தைப் பூவின் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் புனல்போல இருப்பது கானேட். நிலவியலார், பாறை படிந்தபோதே அதனுள் அகப்பட்ட நீரைக் 'கானேட் நீர்' என்பர்.

தத்துவத்தில்தான் பெரிய வழக்கு. சில கருத்துகள் பிறவியிலேயே மனத்தில் உள்ளன என்றார் பிரான்சின் தெக்கார்த். இல்லை, மனம் வெள்ளைக் காகிதம், அனுபவமே அதில் எழுதுகிறது என்றார் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஜான் லாக். மொழியைக் கற்கும் ஆற்றல் மனிதனுக்குப் பிறவியிலேயே உண்டு என்று 20ஆம் நூற்றாண்டில் வாதிட்டார் நோம் சாம்ஸ்கி.

நம் வள்ளுவர் இரு பக்கமும் பேசியிருக்கிறார். எத்தனை நூல் கற்றாலும் ஒருவனுக்கு உள்ளதாகிய அறிவே மேலோங்கும் என்கிறது 373ஆம் குறள். அங்கே 'உண்மை' என்பது பொய்க்கு எதிர்ச்சொல் அல்ல, உள்ளதாம் தன்மை. நிலத்தால் நீர் மாறுவதுபோல, சேரும் இனத்தால் அறிவு மாறும் என்கிறது 452ஆம் குறள்.

அப்படியானால், தமிழ் நம் பிள்ளைகளுக்குக் கூடப்பிறந்ததா?

நான் வளர்ந்தது திருவனந்தபுரம் மாவட்டம் போனக்காட்டில். விதுராவுக்கு அப்பால், அகத்தியர் மலையின் அடிவாரத்தில் உள்ள தேயிலைத் தோட்டம் அது. தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர் என்று மரபு போற்றும் அகத்தியரின் மலை! அதன் நிழலில் பிறந்தும் எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தானாக வந்துவிடவில்லை. பள்ளியில் மலையாளம். வேலை முடிந்து வந்து, மண்ணெண்ணெய் விளக்கடியில் என் விரலைப் பிடித்து அம்மா 'அ' எழுத வைத்தார். அதனால் இன்று இதை எழுதுகிறேன். எழுத வைக்க ஆளில்லாத என் தோழர்கள் நன்றாகத் தமிழ் பேசுவார்கள்; இந்த இதழைக் கொடுத்தால் படங்களைத்தான் பார்ப்பார்கள்.

மொழி கற்கும் ஆற்றல் குழந்தையோடு பிறக்கிறது. அது எந்த மொழி என்பதை வீடுதான் தீர்மானிக்கிறது. "தமிழ் ரத்தத்தில் ஊறியது, தானாக வரும்" என்று இருந்துவிடாமல், நாள்தோறும் கால்மணி நேரமாவது பிள்ளைகளை அருகில் அமர்த்திப் படிக்க வைப்போமா?