நோயாளியின் சீட்டும் மூலிகையின் சேர்மமும்

ஒரு மருத்துவமனையில் நோயாளியைப் பற்றிச் சேரும் தகவல் அவருக்கு முழுதாகப் பயன்பட வேண்டுமானால், அவர் அடுத்துப் போகும் மருத்துவமனைக்கும் அது போய்ச் சேர வேண்டும். புதுச்சேரியில் இது அன்றாடச் சிக்கல். இங்குள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு வருவோரில் விழுப்புரம், கடலூர் மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சீட்டு, தனியார் லேப் ரிப்போர்ட், ஜிப்மரின் ஓ.பி. சீட்டு எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் மடிந்து கிடக்கும். பை தொலைந்தால் எடுத்த ஸ்கேனையே மறுபடி எடுக்க வேண்டியதுதான். யூனியன் பிரதேசமும் ஒரே நிலப்பரப்பாக இல்லை. காரைக்கால் தமிழ்நாட்டுக்கு நடுவிலும், மாஹே கேரளத்துக்கு நடுவிலும், ஏனாம் ஆந்திரத்துக்கு நடுவிலும் கிடக்கின்றன.

இத்தகைய சிக்கலைத் தீர்க்கும் மின்னணு சுகாதாரத் திட்டத்தை மத்திய அரசு 2020 ஆகஸ்ட் 15 அன்று சோதனை முறையில் தொடங்கியபோது, அதற்குத் தேர்ந்தெடுத்த ஆறு யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. 2021 செப்டம்பர் 27 அன்று ‘ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்’ என்ற பெயரில் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. விரும்பிச் சேருகிறவருக்கு, தம் மருத்துவ ஆவணங்களை இணைத்துக்கொள்ள ‘ஆபா’ எனப்படும் 14 இலக்க எண் கிடைக்கும்.

எல்லாருடைய நோய் விவரமும் டெல்லியில் ஒரே கணினியில் குவிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அமைப்பு அப்படி இல்லை. ரிப்போர்ட் எந்த மருத்துவமனையில் உருவானதோ அங்கேயே இருக்கும். வேறொரு மருத்துவர் அதைப் பார்க்க விரும்பினால் நோயாளியின் கைபேசிக்கு ஒரு கோரிக்கை வரும். கேட்பது யார், எந்த வகை ஆவணம், எந்தக் காலத்துக்குரியது, எதற்காக, எவ்வளவு நாள் வைத்துக்கொள்வார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். நோயாளி ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், கொடுத்த ஒப்புதலைத் திரும்பவும் பெறலாம். ஏட்டில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் கைபேசி மகனிடம் இருக்கும் ஒரு மூதாட்டிக்கு ஒப்புதல் என்பது மகன் தட்டும் ஒரு பொத்தானாகச் சுருங்கிவிடக்கூடும். அந்த இடத்தில் மருத்துவமனை ஊழியர் ஒருவர் உட்கார்ந்து விளக்கிச் சொன்னாலன்றி ஒப்புதலுக்குப் பொருள் இல்லை.

ஒப்புதல் கிடைத்து ரிப்போர்ட் வந்து சேர்ந்த பிறகும் ஒரு தடை உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் புதுச்சேரியில் பல இருக்கின்றன. அவர்களில் ஒருவர் பாரிசில் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்தால், ரிப்போர்ட்டில் லிட்டருக்கு 1.26 கிராம் என்று இருக்கும். அதே அளவை இங்குள்ள லேப் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என்று எழுதும். லண்டனில் அதுவே லிட்டருக்கு 7 மில்லிமோல். மூன்றும் ஒரே நிலைதான்: நீரிழிவின் தொடக்க எல்லை. அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கணினியில் ஏற்றினால், 7 என்பது உயிர் போகும் அளவுக்குத் தாழ்ந்த சர்க்கரையாகத் தெரியும்.

இதைத் தவிர்க்கவே பரிசோதனைகளுக்கு உலகப் பொதுக் குறியீடுகள் வந்தன. ‘லாய்ங்க்’ என்ற தொகுப்பில், ரத்த நீரின் சர்க்கரையை எடை அளவில் சொன்னால் 2345-7, மோல் அளவில் சொன்னால் 14749-6. நோய்களின் பெயருக்கு ‘ஸ்னோமெட் சிடி’ இருக்கிறது; இந்தியா 2014-இல் அதில் உறுப்பு நாடானது. நோயாளியின் கண்ணில் இவை படுவதே இல்லை. ஆனாலும் இவற்றைச் சரியாகப் பதியாத மருத்துவமனையின் கணினி, தட்டச்சு செய்த காகிதத்துக்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை.

வேதியியல் ஆய்வில் இந்த அடையாளச் சிக்கல் இன்னும் பழையது. டெங்கு காலத்தில் ஊரெங்கும் கொடுக்கும் நிலவேம்புக் குடிநீரையே எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒன்பது சரக்குகள் சேர்கின்றன. அவற்றில் நிலவேம்புக்குச் சிறியாநங்கை என்ற பெயரும் வழங்குகிறது. வடக்கே அது கால்மேக். அறிவியல் பெயர்கூட முதலில் ஜஸ்டிசியா பானிகுலேட்டா, பின்னர் ஆண்ட்ரோகிராபிஸ் பானிகுலேட்டா. ஆய்வாளர் எந்தச் செடியைக் கையாண்டார் என்பதற்கு உறுதியான சாட்சி, உலர்த்தித் தாளில் ஒட்டி, பறித்த இடமும் நாளும் எழுதிவைத்த மாதிரிதான். புதுச்சேரி செயிண்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரக் காப்பகத்தில் அத்தகைய மாதிரிகள் 20,000-க்கும் மேல் இருக்கின்றன. அந்த ஒட்டுச்சீட்டும் ஒரு தரவுதான். அது இல்லாத ஆய்வுக் கட்டுரையை நம்பி யாரும் மேலே போக முடியாது.

செடிக்குள் இருக்கும் சேர்மத்துக்கு இதைவிடத் துல்லியமான அடையாளம் உண்டு. நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராபோலைடு போன்ற எந்த மூலக்கூறின் அமைப்பையும் ‘இன்ச்சிகீ’ என்ற 27 எழுத்துத் தொடராகச் சுருக்கலாம். ஒரே பொருளை ஜெர்மனியிலும் சென்னையிலும் வேறு வேறு பெயரில் எழுதியிருந்தாலும், இந்தத் தொடரைக் கொண்டு கணினி இரண்டையும் ஒன்றென்று கண்டுகொள்ளும். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், இதுபோன்ற தகவல்களைத் தொகுத்து ‘இம்பாட்’ என்ற தரவுத்தளத்தை உருவாக்கியது. 2018-இல் அதில் 1,742 மூலிகைகளும் 9,596 சேர்மங்களும் இருந்தன. அடுத்த பதிப்பில் மூலிகைகள் 4,010, சேர்மங்கள் 17,967 ஆகின. புதுச்சேரியில் ஒரு முனைவர் பட்ட மாணவர் வீட்டிலிருந்தபடியே இதைத் தேடிப் பார்க்கலாம்.

வேதியியலார் பகிர மறப்பது பலன் தராத சோதனைகளை. ஒரு சேர்மம் கிருமியைக் கொல்லவில்லை என்ற முடிவு குறிப்பேட்டிலேயே தங்கிவிட, அதே சோதனையை இன்னொரு ஆய்வகம் மறுபடியும் பணம் செலவழித்துச் செய்கிறது. இது தேவையே இல்லாத விரயம்.

எல்லாவற்றையும் திறந்து வைப்பதிலும் ஆபத்து உண்டு. காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களைக் காட்டி வாதாடி, 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. அதன் பின் 2001-இல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்நூலகம் சித்த மருத்துவ நூல்களின் செய்முறைகளையும் ஐந்து அயல்மொழிகளில் தொகுத்தது. அது பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. ஒப்பந்தம் செய்துகொண்ட காப்புரிமை அலுவலகங்களே பார்த்தன. 2022 ஆகஸ்டில்தான் பிறருக்கும் அனுமதி தர மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது.

மூலக்கூறுக்கு அந்தரங்கம் கிடையாது, நோயாளிக்கு உண்டு. மருந்து ஆய்வில் இரண்டும் ஒரே அட்டவணையில் வந்து சேரும்போதுதான் கவனம் தேவைப்படுகிறது. பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று எண்ணுவது தவறு. மாஹேயின் பரப்பு சுமார் 9 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் ஏறத்தாழ 42,000. ‘மாஹே, பெண், 34 வயது’ என்று எழுதி அரிதான ஒரு நோயின் பெயரையும் சேர்த்தால், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதனால் வயதை ‘30 முதல் 39’ என்றும் ஊரை ‘புதுச்சேரி யூனியன் பிரதேசம்’ என்றும் அகலப்படுத்தியே வெளியிட வேண்டும்.

பாதுகாப்புக் குறைவின் விலையை 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் பார்த்தது. இணையத் தாக்குதலில் கணினிகள் முடங்கி, இரண்டு வாரம் போல ஓ.பி. பதிவு கையெழுத்தில் நடந்தது. 2023-இல் இயற்றிய தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைக் காக்கத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் அதில் விலக்கு உண்டு. ஆனால் அந்தத் தகவலைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. வகுத்துள்ள நெறிகளையும் பின்பற்ற வேண்டும்.